கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்தல்: பொருள் மாற்றங்களும் ஆற்றலும்

கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்தல் என்பது, கரும்புத் தண்டில் ஏற்கெனவே உருவாகியுள்ள சுக்ரோசு என்னும் சேர்மத்தை அதன் மூலக்கூறு சிதையாதவாறு நீரிலிருந்தும் பிற பொருட்களிலிருந்தும் பிரித்து, திண்மப் படிகமாகப் பெறும் தொழில்முறை ஆகும். ஆலை சர்க்கரையை உற்பத்தி செய்வதாகப் பேச்சு வழக்கில் கூறப்பட்டாலும், வேதியியல் நோக்கில் அதனை உருவாக்குவது கரும்புச் செடியே ஆகும். ஆலை அதனைப் பிரித்தெடுக்கிறது. ஆகையால் பிழிதல், வடித்தல், ஆவியாக்குதல், படிகமாக்கல் என ஆலையின் முதன்மைப் பணிகள் பெரும்பாலும் இயற்பியல் மாற்றங்களாக உள்ளன. அவற்றுக்கு வேண்டிய ஆற்றல், அதே கரும்பின் சக்கையை எரிப்பதாகிய வேதியியல் மாற்றத்திலிருந்து பெறப்படுகிறது.

பனிக்கட்டி உருகுதல், இரும்பு துருப்பிடித்தல் எனப் பாடநூல்கள் தனித்தனி எடுத்துக்காட்டுகளால் விளக்கும் இவ்விரு வகை மாற்றங்களையும் ஒரே வளாகத்தினுள், ஒன்றையொன்று சார்ந்த நிலையில் காண்பதற்குச் சர்க்கரை ஆலை சிறந்த இடமாகும். விழுப்புரம் மாவட்டம் முண்டியம்பாக்கத்தில் அத்தகைய ஆலை ஒன்று அமைந்துள்ளது.

முண்டியம்பாக்கம்

முண்டியம்பாக்கம், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், விக்கிரவாண்டிக்கும் விழுப்புரத்திற்கும் இடையே உள்ள ஊர். சென்னை எழும்பூர் – விழுப்புரம் இருப்புப்பாதையில் இவ்வூருக்கு ஒரு நிலையமும் உண்டு. 2010 இல் தொடங்கப்பட்ட அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி இங்குதான் உள்ளது. அதற்கு முன்பிருந்தே இவ்வூரின் அடையாளமாக விளங்கி வருவது சர்க்கரை ஆலையாகும். கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜஸ்ரீ சுகர்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் இவ்வாலையில் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கும் இணை மின்னுற்பத்தி அமைப்பும் உள்ளது. இந்நிறுவனத்துக்குச் செஞ்சி வட்டம் செம்மேட்டிலும் ஓர் ஆலை உண்டு. பெரியசெவலையில் செங்கல்வராயன் கூட்டுறவு சர்க்கரை ஆலையும், அண்டை மாவட்டமான கடலூரில் பாரி நிறுவனத்தின் பழைமையான நெல்லிக்குப்பம் ஆலையும் உள்ளன. இவ்வட்டாரத்து உழவர் பலருக்கு ஆண்டு வருமானம் என்பது கரும்பு வருமானமே.

'சர்க்கரை' என்ற சொல் எல்லா ஊர்களிலும் ஒரே பொருளைக் குறிப்பதில்லை. தென் மாவட்டங்களிலும் இலங்கையிலும் வெள்ளைப் படிகம் 'சீனி' எனப்படும். 'அஸ்கா' என்ற பழைய பெயர், ஒடிசாவிலுள்ள அஸ்கா என்னும் ஊரின் ஆலையிலிருந்து வந்ததாகக் கூறுவர். இக்கட்டுரையில் சர்க்கரை என்பது வெள்ளைப் படிகத்தையே குறிக்கும்.

இருவகை மாற்றங்கள்

ஒரு பொருளின் நிலை, வடிவம், அளவு, கலவை முதலியன மாறினாலும் அதன் மூலக்கூறுகள் மாறாதிருப்பின் அது இயற்பியல் மாற்றம் எனப்படும். அணுக்களுக்கு இடையேயான பிணைப்புகள் முறிந்து புதிய பிணைப்புகள் தோன்றி, வேறு பொருள் உருவாகுமாயின் அது வேதியியல் மாற்றம் எனப்படும். இரண்டிலும் ஆற்றல் உள்வாங்கப்படலாம் அல்லது வெளிவிடப்படலாம்.

ஆற்றலின் அளவில் இவை எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைச் சர்க்கரையைக் கொண்டே அறியலாம். ஒரு மோல் சுக்ரோசு, அதாவது 342 கிராம், நீரில் கரையும்போது ஏறத்தாழ 5 கிலோஜூல் வெப்பத்தை உள்வாங்குகிறது. அதே 342 கிராம் முழுவதுமாக எரிந்து கார்பன்-டை-ஆக்சைடும் நீரும் ஆகும்போது ஏறத்தாழ 5,640 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. கரையும்போது மூலக்கூறுகளுக்கு இடையேயுள்ள கவர்ச்சி மட்டுமே தளர்கிறது. எரியும்போது மூலக்கூறே சிதைந்து வேறு சேர்மங்களாகிறது. வேறுபாடு ஆயிரம் மடங்கு.

இதனைக் கொண்டு 'இயற்பியல் மாற்றத்துக்குச் சிறிதளவு ஆற்றலே தேவை' என்று பொதுவிதி வகுத்துக்கொள்வது தவறாக முடியும். ஆவியாதலில் அந்த இடைவெளி வெகுவாகக் குறைகிறது. ஒரு மோல் நீரை, அதாவது 18 கிராமை, ஆவியாக்க ஏறத்தாழ 41 கிலோஜூல் வேண்டும். அதே நீரை ஐதரசனாகவும் ஆக்சிசனாகவும் பிரிக்க 286 கிலோஜூல் வேண்டும். இங்கு வேறுபாடு ஏழு மடங்கு மட்டுமே. சர்க்கரை ஆலையில் ஆவியாக்க வேண்டிய நீரின் அளவு மிகப் பெரிது. அதனால் அங்கு மிகுதியான வெப்பத்தைச் செலவழிப்பது எந்த வேதிவினையும் அன்று, நீர் ஆவியாதல் என்னும் இயற்பியல் மாற்றமே.

கரும்பில் சேரும் ஆற்றல்

சுக்ரோசு மூலக்கூறில் 12 கார்பன், 22 ஐதரசன், 11 ஆக்சிசன் அணுக்கள் உள்ளன. காற்றிலுள்ள 12 கார்பன்-டை-ஆக்சைடு மூலக்கூறுகளையும் 11 நீர் மூலக்கூறுகளையும் கொண்டு இலை இதனை ஆக்கி, 12 ஆக்சிசன் மூலக்கூறுகளை வெளிவிடுகிறது. எரியும்போது வெளிப்படும் 5,640 கிலோஜூலும் இவ்வினையில் கதிரவனிடமிருந்து பெறப்பட்டதே. ஒளிச்சேர்க்கை ஒரு வெப்பக்கொள் வினை. எரிதல் அதன் எதிர்த்திசையில் நிகழும் வெப்ப உமிழ் வினை.

கடும் வெயிலிலும் கரும்பு விரைந்து வளர்வதற்கு அதன் ஒளிச்சேர்க்கை முறையும் ஒரு காரணம். நெல் முதலிய பயிர்களில் கார்பன்-டை-ஆக்சைடு முதலில் மூன்று கார்பன் கொண்ட சேர்மமாக மாறுகிறது. கரும்பில் நான்கு கார்பன் கொண்ட சேர்மமாக மாறுகிறது. இவ்வழியை 1966 இல் விளக்கிய ஹேட்ச், ஸ்லாக் ஆகிய இருவரும் ஆத்திரேலியாவில் ஒரு சர்க்கரை நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றியவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதும் கரும்பிலையே.

வெட்டிய கரும்பில் நிகழும் மாற்றங்கள்

முதிர்ந்த கரும்பின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர். எஞ்சியதில் நாரும் சுக்ரோசும் பெரும்பகுதி. வெட்டப்பட்டவுடன் கரும்பில் இரண்டு மாற்றங்கள் ஒருங்கே தொடங்குகின்றன.

முதலாவது, நீர் ஆவியாதல். இது இயற்பியல் மாற்றம். கரும்பின் எடை குறையும். சர்க்கரை அப்படியே இருக்கும். இரண்டாவது, சுக்ரோசு நீருடன் வினைபுரிந்து குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிதல். இது வேதியியல் மாற்றம். கரும்பிலேயே உள்ள இன்வர்ட்டேசு என்னும் நொதியும், வெட்டுவாய் வழியே நுழையும் நுண்ணுயிர்களும் இதனை விரைவுபடுத்துகின்றன. லியூக்கோநாசுட்டாக் என்னும் பாக்டீரியம் சுக்ரோசைச் சிதைத்து டெக்சுட்ரான் என்னும் வழுவழுப்பான பொருளை உண்டாக்குகிறது. இது சாற்றின் பாகுநிலையைக் கூட்டி, வடித்தலையும் படிகமாதலையும் கெடுக்கும்.

சுக்ரோசு பிரியும்போது 342 கிராம் சுக்ரோசு 18 கிராம் நீரைச் சேர்த்துக்கொண்டு 360 கிராம் சர்க்கரைகளாக மாறுகிறது. எடையில் குறைவில்லை, நாவுக்கு இனிப்பும் குறையாது. ஆயினும் ஆலைக்கு அது இழப்பே, ஏனெனில் இக்கலவை ஆலையின் முறையில் படிகமாவதில்லை, கழிவுப்பாகுடன் போய்விடும். இவ்வினையில் வெளிப்படும் வெப்பமும் மிகக் குறைவு. தொட்டுப் பார்த்து அறிய இயலாது. நிறம் மாறாமல், வாயு வெளிப்படாமல், சூடு தெரியாமல் நிகழும் வேதியியல் மாற்றத்துக்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இதனைக் கண்டறிய ஒளியே உதவுகிறது. சுக்ரோசுக் கரைசல், தளவிளைவுற்ற ஒளியின் தளத்தை வலப்புறம் திருப்பும். குளுக்கோசும் வலப்புறமே திருப்பும். ஆனால் பிரக்டோசு அதனைவிட வலிமையாக இடப்புறம் திருப்பும். எனவே சுக்ரோசு பிரியப் பிரிய, திருப்பம் வலத்திலிருந்து குறைந்து இறுதியில் இடப்புறமாகத் தலைகீழாகிவிடும். இதனால் இவ்வினைக்குத் 'தலைகீழாக்கம்' என்று பெயர். 1850 இல் செருமானிய அறிஞர் லுட்விக் வில்ஹெல்மி, அமிலம் சேர்த்த சர்க்கரைக் கரைசலில் இத்திருப்பம் மாறும் வேகத்தை அளந்தார். ஒரு வேதிவினையின் வேகத்தை அளவிட்டுச் சமன்பாட்டால் விளக்கிய முதல் ஆய்வாக அது கருதப்படுகிறது. வேதிவினை வேகவியல் என்னும் துறையே சர்க்கரைக் கரைசலில் பிறந்தது எனலாம். இன்றும் ஆலை ஆய்வகங்களில் சாற்றின் தரத்தை அறியத் திருப்பமானியே பயன்படுகிறது.

இவ்விரு மாற்றங்களின் இழப்பும் ஒரே இடத்தில் விழுவதில்லை. ஆலை, கரும்பை எடை போட்டு வாங்குகிறது. ஆகவே நீர் ஆவியாவதால் வரும் எடையிழப்பு நேரடியாக உழவரைச் சேரும். தலைகீழாக்கத்தால் வரும் இழப்பு முதலில் ஆலையைச் சேரும். ஆனால் அங்கேயே நின்றுவிடுவதில்லை. நூறு பங்கு கரும்பிலிருந்து எத்தனை பங்கு சர்க்கரை கிடைத்தது என்பதே பிழிதிறன் அல்லது சர்க்கரைக் கட்டுமானம் எனப்படும். இந்திய அரசு அறிவிக்கும் கரும்பு விலை இதனை அடிப்படையாகக் கொண்டது. 2025-26 பருவத்துக்கு, 10.25 விழுக்காடு பிழிதிறனுக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய் எனவும், 9.5 விழுக்காட்டுக்குக் குறைந்த ஆலைகளில் 329.05 ரூபாய் எனவும் அறிவிக்கப்பட்டது. ஆலையின் சராசரி குறைந்தால், நல்ல கரும்பு தந்த உழவருக்கும் விலை குறையும்.

வெட்டு உத்தரவு தாமதமாதல், வண்டி கிடைக்காமை, ஆலை வாயிலில் காத்திருத்தல் ஆகியவை வெறும் நிருவாகச் சிக்கல்களாகப் பேசப்படுகின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு வேதிவினைக்கு அளிக்கப்படும் நேரமாகும். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டும் என்ற பரிந்துரை இதன் பொருட்டே. வெப்பநிலை உயர உயர வினை விரைவாகும் என்பதால், கோடை தொடங்கிய பின் நடைபெறும் அரவையில் தாமதத்தின் கேடு கூடுதல்.

பிழிதலும் சாறு தெளிவித்தலும்

கரும்பைத் துண்டாக்கி, நாராகச் சிதைத்து, வரிசையாக அமைந்த உருளைகளுக்கிடையே பிழிவர். சக்கையில் தங்கிய சர்க்கரையைக் கரைத்தெடுக்கச் சுடுநீர் தெளிப்பதும் உண்டு. இவை யாவும் இயற்பியல் மாற்றங்களே. இவ்வாறு கிடைக்கும் கலப்புச் சாற்றின் எடை ஏறத்தாழ அரைத்த கரும்பின் எடையளவு இருக்கும். அதில் கரைந்துள்ள திண்மம் ஏறத்தாழ 15 விழுக்காடு.

சாறு சற்று அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 5-க்குச் சற்று மேல். அமிலம் தலைகீழாக்கத்தின் வினையூக்கி. இச்சாற்றை அப்படியே கொதிக்க வைத்தால் சுக்ரோசு கணிசமாகச் சிதையும். எனவே, வேதியியல் மாற்றத்தைத் தடுப்பதற்கே இங்கு வேதியியல் மாற்றம் கையாளப்படுகிறது. இந்திய ஆலைகளில் பெரும்பாலும் பின்பற்றப்படும் கந்தக முறையில், சாற்றை 65 முதல் 70 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, சுண்ணாம்புப்பாலும் கந்தக-டை-ஆக்சைடு வாயுவும் செலுத்துவர். பி.எச். அளவு 7-ஐ ஒட்டி நிற்கும்படி பார்த்துக்கொள்வர். 5.2 அளவிலிருந்து 7-க்கு வந்தால் அமிலச் செறிவு ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகக் குறைகிறது. தலைகீழாக்கத்தின் வேகமும் அவ்வாறே குறையும். சுண்ணாம்பு மிகுந்து காரமாகிவிட்டாலும் கேடே. அப்போது குளுக்கோசும் பிரக்டோசும் சிதைந்து சாறு கறுக்கும்.

சுண்ணாம்பும் கந்தக-டை-ஆக்சைடும் சேர்ந்து கால்சியம் சல்பைட்டு என்னும் கரையாத வீழ்படிவு உண்டாகிறது. சாற்றிலுள்ள பாசுபேட்டுகளும் சுண்ணாம்புடன் வீழ்படிவாகின்றன. இவை மண்துகள், மெழுகு, புரதம் ஆகியவற்றைப் பற்றிக்கொண்டு அடியில் இறங்கும். அடிவண்டலை வடித்தபின் எஞ்சும் கழிவு 'பிரஸ்மட்' என்ற பெயரில் வயலுக்கு எருவாகிறது.

சுண்ணாம்பின் வரலாறும் ஆற்றல் நோக்கில் கவனிக்கத்தக்கது. காளவாயில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது ஒரு மோலுக்கு ஏறத்தாழ 178 கிலோஜூல் வெப்பம் உள்வாங்கப்பட்டு, கார்பன்-டை-ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதில் நீர் ஊற்றினால் கொதித்துப் பொங்குவதைப் பலரும் கண்டிருப்பர். அப்போது வெளிப்படும் ஏறத்தாழ 65 கிலோஜூல், காளவாயில் செலுத்தப்பட்ட வெப்பத்தில் ஒரு பகுதி திரும்புவதே.

ஆவியாக்குதல்

தெளிந்த சாற்றின் 15 விழுக்காடு திண்மத்தை 60 விழுக்காடாக உயர்த்துவது இக்கட்டத்தின் பணி. ஒரு டன் சாற்றில் 150 கிலோ திண்மம் உள்ளது. அது 60 விழுக்காடாக வேண்டுமெனில் மொத்த எடை 250 கிலோவாகக் குறைய வேண்டும். அதாவது 750 கிலோ நீரை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ நீர் 100 டிகிரியில் ஆவியாக உள்ளுறை வெப்பமாக 2,257 கிலோஜூல் உள்வாங்கும். எனவே 750 கிலோவுக்கு ஏறத்தாழ 17 இலட்சம் கிலோஜூல் தேவை.

இனி, கையிருப்பைக் காணலாம். ஒரு டன் கரும்பிலிருந்து ஏறத்தாழ 300 கிலோ ஈரச்சக்கை கிடைக்கும். அதன் நிகர எரிவெப்பம் கிலோவுக்கு ஏறத்தாழ 7,500 கிலோஜூல். ஆக மொத்தம் 22.5 இலட்சம் கிலோஜூல். கொதிகலனின் திறனை 70 விழுக்காடாகக் கொண்டால் நீராவியைச் சேர்வது 16 இலட்சத்துக்கும் குறைவு. சாற்றை ஒரே கலத்தில் கொதிக்க வைத்தால், உருளைகளை இயக்குவதையும் பாகைப் படிகமாக்குவதையும் கணக்கில் கொள்ளாமலே, சக்கை முழுவதும் போதாது. விறகோ நிலக்கரியோ வாங்க வேண்டிவரும்.

இச்சிக்கலைத் தீர்த்தவர் நார்பர்ட் ரில்லியூ. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் 1806 இல் பிறந்து பாரிசில் பொறியியல் பயின்ற இவர், கறுப்பினத் தாய்க்குப் பிறந்தவர். அடிமைகள் தீயருகே நின்று கொதிக்கும் பாகைக் கொப்பரை விட்டுக் கொப்பரைக்கு அகப்பையால் மாற்றும் முறையே அன்று லூசியானாவில் இருந்தது. 1843 இல் இவர் காப்புரிமை பெற்ற பல்நிலை ஆவியாக்கியின் கருத்து எளிது. நீர் ஆவியாகும்போது உள்வாங்கிய வெப்பம் அழிவதில்லை; ஆவி மீண்டும் நீராகும்போது அதே அளவு வெப்பத்தைத் திருப்பித் தரும். ஆகவே முதற்கலத்தில் எழும் ஆவியைக் கொண்டு இரண்டாம் கலத்தையும், அதன் ஆவியைக் கொண்டு மூன்றாம் கலத்தையும் கொதிக்க வைக்கலாம். ஆனால் வெப்பம் பாய வேண்டுமெனில் அடுத்த கலம் முன்னதைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் சாறு கொதிக்கவும் வேண்டும். அழுத்தத்தைக் குறைத்தால் கொதிநிலை குறையும் என்ற உண்மை இங்கே கைகொடுக்கிறது. கலங்களில் அழுத்தம் படிப்படியாகக் குறைக்கப்படுவதால், முதற்கலத்தில் 100 டிகிரிக்கு மேல் கொதிக்கும் சாறு, கடைசிக் கலத்தில் 55 டிகிரியை ஒட்டியே கொதிக்கிறது.

நான்கு கலங்கள் கொண்ட அமைப்பில் ஒரு கிலோ நீராவி ஏறத்தாழ நான்கு கிலோ நீரை வெளியேற்றும். மேற்கண்ட 17 இலட்சம் கிலோஜூல், நான்கு இலட்சத்தை ஒட்டிக் குறைந்துவிடும். மீதமாகும் சக்கையே பின்னாளில் மின்சாரமாகவும் காகிதமாகவும் மாற வழிபிறந்தது. குறைந்த வெப்பநிலையால் மற்றொரு நன்மையும் உண்டு: பாகு செறிவாகி எளிதில் கருகும் நிலையை அடையும்போது அதன் சூடு குறைந்திருக்கிறது.

படிகமாக்கல்

100 கிராம் நீரில் 20 டிகிரியில் ஏறத்தாழ 204 கிராம் சர்க்கரை கரையும். 100 டிகிரியில் ஏறத்தாழ 487 கிராம் கரையும். கரைதிறனுக்கும் மேற்பட்ட செறிவை எட்டிய மீச்செறிவுக் கரைசலில் நுண்ணிய சர்க்கரைத் தூளை விதையாக இட்டால், கரைந்துள்ள மூலக்கூறுகள் அவற்றின்மீது அடுக்கடுக்காகப் படியும். அயல் மூலக்கூறுகள் படிக ஒழுங்கில் எளிதாகப் பொருந்துவதில்லை. அதனால் படிகமாதலே தூய்மையாக்கலும் ஆகிறது.

ஆலையில் இது வெற்றிடக் கலத்தில், 60 முதல் 70 டிகிரி அளவில் நிகழ்கிறது. இக்கலத்தை 1813 இல் காப்புரிமை பெற்று அறிமுகப்படுத்தியவர் இங்கிலாந்தின் எட்வர்டு சார்லசு ஹோவர்டு. பதம் பார்ப்பவர் சிறிது பாகைக் கண்ணாடியில் தடவி மணியின் அளவைக் காண்பார். கருவிகள் பெருகிய பின்னும் இப்பணியில் கைப்பழக்கத்துக்கு மதிப்புண்டு. படிகமும் தாய்ப்பாகும் கலந்த கூழ், மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றப்பட்டுப் பிரிக்கப்படுகிறது. தாய்ப்பாகை மீண்டும் மீண்டும் காய்ச்சி, இனிப் படிகம் எடுப்பது ஆதாயமில்லை என்ற நிலையில் எஞ்சுவதே கழிவுப்பாகு என்னும் மொலாசஸ்.

சர்க்கரையைச் சூடாக்கினால் உருகும் என்பதும், அது இயற்பியல் மாற்றம் என்பதும் பொதுவான எண்ணம். ஏறத்தாழ 186 டிகிரி அதன் உருகுநிலையாக நூல்களில் காணப்படும். ஆயினும் அந்நிலையில் சர்க்கரை பழுப்பாகி நீரை இழந்து கேரமலாக மாறத் தொடங்கிவிடுகிறது. அது பனிக்கட்டி உருகுவது போன்ற உருகுதல் அன்று. சிதைவின் விளைவாகவே திண்ம நிலை குலைகிறது என அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 இல் அறிவித்தனர். இயற்பியல், வேதியியல் என்ற பிரிவு எல்லா இடத்திலும் கோடு கிழித்தாற்போல் அமைவதில்லை.

வெல்லம் காய்ச்சுதல்

விழுப்புரம் வட்டாரச் சிற்றூர்களில் பொங்கலை ஒட்டி வெல்லம் காய்ச்சுவதைக் காணலாம். இங்குச் சாறு திறந்த கொப்பரையில் கொதிக்கிறது. எழும் ஆவி வானில் கலக்கிறது. அதன் உள்ளுறை வெப்பம் முழுவதும் இழப்பே. அவ்வாறாயினும் சக்கையே எரிபொருளாகப் போதுமானதாக இருப்பதற்கு ஒரு காரணம், அது அடுப்பில் இடப்படும் முன் வெயிலில் நன்கு காயவைக்கப்படுவதாகும். சக்கையின் நீரை ஆவியாக்கும் செலவைக் கதிரவன் ஏற்றுக்கொள்கிறது.

வெண்டைச் செடியின் வழுவழுப்பான சாற்றையோ சுண்ணாம்பையோ இட்டு அழுக்கை நுரையாக எடுப்பர். நீர் குறையக் குறையப் பாகின் கொதிநிலை உயர்ந்து, இறக்கும் பதத்தில் 115 டிகிரியைத் தாண்டும். அச்சூட்டில் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் மணமும் தோன்றும். ஆலை தவிர்க்க முயலும் வேதியியல் மாற்றம், வெல்லத்துக்குச் சுவையாகிறது. தாய்ப்பாகு பிரிக்கப்படாததால் குளுக்கோசும் பிரக்டோசும் தாதுப்புகளும் வெல்லத்திலேயே தங்கும். இவை காற்றின் ஈரத்தை ஈர்ப்பதால் மழைக்காலத்தில் வெல்லம் கசிகிறது.

சக்கையை எரித்தல்

ஆலையிலிருந்து வரும் சக்கையில் பாதி நீர். உலர்ந்த சக்கை ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 19,000 கிலோஜூல் வெளிப்படும். ஈரச்சக்கை ஒரு கிலோவில் அரைக்கிலோ நாரே உள்ளதால் 9,500 கிலோஜூல்தான் எழும். அதிலும் சக்கையிலுள்ள நீரும், எரியும்போது உண்டாகும் நீரும் ஆவியாகிப் புகைபோக்கி வழியே போவதற்கு ஏறத்தாழ 2,000 கிலோஜூல் செலவாகிறது. முன்னர்க் கூறிய 7,500 என்னும் நிகர அளவு இவ்வாறு வருவதே.

உயரழுத்தக் கொதிகலனில் உண்டாகும் நீராவி முதலில் சுழலியைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. பின் அழுத்தம் குறைந்த அதே நீராவி ஆவியாக்கியின் முதற்கலத்தைச் சூடாக்குகிறது. ஒரே நீராவியிலிருந்து மின்சாரமும் வெப்பமும் பெறுவதால் இது இணை மின்னுற்பத்தி எனப்படும். தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை ஆலைகள் மின்வாரியத்துக்கு விற்கின்றன. எரியும்போது வெளியாகும் கார்பன்-டை-ஆக்சைடு, அப்பயிர் அண்மையில் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதே ஆகும். எனினும் சாம்பலும் கரித்தூளும் காற்றில் கலவாமல் தடுக்கும் கருவிகள் இன்றியமையாதவை.

குவித்து வைத்த சக்கை தானே சூடேறுவதும் உண்டு. எஞ்சிய சர்க்கரையை நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்யும்போது வெளிப்படும் வெப்பம், பெருங்குவியலின் நடுவிலிருந்து எளிதில் வெளியேற இயலாது. கவனியாது விட்டால் குவியல் தீப்பற்றவும் கூடும்.

கழிவுப்பாகும் நொதித்தலும்

கழிவுப்பாகின் எடையில் ஏறத்தாழ பாதி, படிகமாக்க இயலாத நிலையில் தங்கிய சர்க்கரைகளாகும். நீர் சேர்த்து ஈசுட்டு இட்டால் இவை எத்தனாலாக மாறும். ஆலை அஞ்சும் அதே தலைகீழாக்கத்தை இங்கு ஈசுட்டின் இன்வர்ட்டேசு முதற்படியாகச் செய்து முடிக்கிறது. பின்னர் ஒவ்வொரு குளுக்கோசு மூலக்கூறும் இரண்டு எத்தனால், இரண்டு கார்பன்-டை-ஆக்சைடு மூலக்கூறுகளாகப் பிரிகிறது. இது உயிருள்ள செல்லினுள் மட்டுமே நிகழும் என நம்பப்பட்ட காலத்தில், ஈசுட்டை அரைத்துப் பிழிந்த உயிரற்ற சாறும் கரும்புச் சர்க்கரையை நொதிக்கச் செய்வதை 1897 இல் எடுவர்டு பூக்னர் காட்டினார். இதற்காக 1907 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வினையின் ஆற்றல் கணக்கு வியப்பூட்டுவது. 180 கிராம் குளுக்கோசிலிருந்து 92 கிராம் எத்தனால் கிடைக்கிறது. எடையில் ஏறத்தாழ பாதி வாயுவாகப் போய்விடுகிறது. ஆனால் குளுக்கோசின் எரிவெப்பம் 2,800 கிலோஜூலை ஒட்டியது. கிடைத்த எத்தனாலின் எரிவெப்பம் 2,730 கிலோஜூலை ஒட்டியது. எடையில் பாதி போனாலும் ஆற்றல் 97 விழுக்காடு எத்தனாலிலேயே நிற்கிறது. எஞ்சிய ஏறத்தாழ 70 கிலோஜூல் வெப்பமாக வெளிப்படும். பெரிய தொட்டிகளில் இவ்வெப்பமே ஈசுட்டைக் கொன்றுவிடப் போதுமானது என்பதால், தொட்டிகளைக் குளிர்நீர் கொண்டு 30 முதல் 35 டிகிரி அளவில் வைத்திருப்பர்.

ஒரு டன் கழிவுப்பாகிலிருந்து ஏறத்தாழ 220 முதல் 250 லிட்டர் எத்தனால் பெறலாம். இதனை நீரிலிருந்து பிரிப்பது மீண்டும் இயற்பியல் மாற்றமான காய்ச்சி வடித்தலே. எத்தனாலின் கொதிநிலை 78.4 டிகிரி. ஆயினும் 95.6 விழுக்காட்டை எட்டியதும் நீரும் எத்தனாலும் சேர்ந்தே ஆவியாவதால் வடித்தல் அதற்கு மேல் பயன்தருவதில்லை. பெட்ரோலில் கலப்பதற்கு நீரற்ற எத்தனால் தேவை என்பதால், எஞ்சிய நீரை நுண்துளை கொண்ட மூலக்கூறு சல்லடைகள் ஈர்த்தெடுக்கின்றன. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை இந்தியா 2025 இல் எட்டியது. அதற்கான எத்தனால் கழிவுப்பாகிலிருந்து மட்டுமன்றிக் கரும்புச்சாறு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது.